வண்டிக் கூரைமேல் நான்

செப்டம்பர் 3, புதன்

விடியற்காலை மழை. படுக்கைக்கு மேல் மறுபடி ஒழுகல். தலையணை நனைந்து ஊறிவிட்டது. வாளி வைத்தேன்.

அண்ணன் போன். அவர் மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பார்த்துக்கொள்ள நான் வேண்டுமாம்.

"நீ சும்மாத்தானே இருக்கே, சாந்தி. ஒழுகுற வேன்ல படுத்துக் கெடக்கணும்னு என்ன தலையெழுத்து? வித்துட்டு வீட்டுக்கு வந்துரு லா. வாங்க ஆள் பாத்து வெச்சிருக்கேன்."

சும்மாவா? சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, அவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது நான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இப்ப என்ன அவசரம்" என்றது அவர். ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய வண்டியை வாங்கினேன். படுக்கை, அடுப்பு, கழிவறை, எல்லாம் உள்ளேயே. அவரைக் கேட்டு வாங்கவில்லை. அவருக்கு எரிச்சல் அதில்தான்.

மாட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

செப். 4, வியாழன்

நல்ல வெயில். வண்டி நிற்பது செமிலிங்கில், யூசுப் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால். ஏணியும் அவருடையதுதான்.

"தங்கச்சி, விழுந்துராதே. ஆள் கூப்பிடவா?"

"வேணாம் நானா."

கூரை முழுக்க ரப்பர் விரிப்பு. தொட்டால் கையில் வெள்ளைத் தூள். பாசி, காக்கை எச்சம். காற்றுப் போக்கியைச் சுற்றி முன்பு யாரோ அப்பிய சிலிக்கோன், நகத்தால் கிள்ளினாலே உரிகிறது. தண்ணீர் இறங்குவது அங்கேதான். பக்கத்தில் சிறு கிழிசல். அழுத்திப் பார்த்தேன், ஓரிடத்தில் பலகை மெத்தென்று. முதலில் பயம். அப்புறம் கோபம். கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும்.

கூரையின் உட்புறத் தகட்டைக் கழற்றி, ஈரப் பலகைப் பக்கம் காற்றாடியைத் திருப்பி வைத்தேன். காயட்டும்.

பீடோங் ஹார்ட்வேர் கடைப் பையன்: "தார் பூசிருங்க அக்கா. இல்லாட்டி தின்னர் போட்டுத் தொடைங்க."

"ரப்பர் உப்பிப் போயிரும், தம்பி."

"யார் சொன்னா, வூட்டுக்காரரா?"

"வூட்டுக்காரரே இல்ல. இந்தத் தார் டின்னுலயே எழுதியிருக்கு, படிச்சேன்."

செப். 5, வெள்ளி

மெர்கோங்கில் உள்ள வண்டிச் சாமான் கடைக்குப் போய் வந்தேன், வண்டியிலேயே. ரப்பர் கூரைக்கென்றே உள்ள பசை, ஒட்டுப் பட்டை, உருளை. வழியில் டுரியான். தின்றது நான் மட்டும். இப்போது வண்டியெல்லாம் நாற்றம். சுகம்.

செப். 6, சனி

பலகை காய்ந்துவிட்டது. கெட்டி. வெயில் ஏறுமுன் மேலே ஏறினேன். பழைய சிலிக்கோனை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, கிழிசல் மேல் பட்டை ஒட்டி உருளையால் அழுத்தினேன். பிறகு பசை. தோசை மாவு போலத் தானே பரவி நிற்கிறது.

பாதி வேலையில் கீழே அண்ணன் குரல். கூடவே ஒரு மனிதர்.

"எறங்கு. வண்டியப் பாக்க ஆள் வந்திருக்கு."

"விக்கல சார்," என்றேன் மேலிருந்தே, அந்த மனிதரிடம். "எங்கண்ணன் உங்க நேரத்த வீணாக்கிட்டாரு."

அவர் போய்விட்டார். அண்ணன் முகம் சிவந்து, "ஒரு மழை வரட்டும். நீயே பையத் தூக்கிட்டு வருவே."

"வரட்டும்ணே. அன்னிக்கு நீங்களும் வாங்க. உள்ள ஒக்காந்து பாருங்க."

முட்டி வலி. தைலம்.

செப். 8, திங்கள்

மாலையில் அடைமழை. சொன்னபடியே வந்தார், அண்ணியோடு. படுக்கையில் உட்கார்ந்து கூரையையே பார்த்தார். நான் தேநீர் போட்டேன். மேலே கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். ஒரு சொட்டு இல்லை. சன்னல் ஓரத்தில் கொஞ்சம் கசிவு; உடனே விரல் நீட்டினார்.

"அது சன்னல். கூரை இல்ல."

அண்ணி தேநீரைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பிரசவத்த நான் பாத்துக்கறேன், சாந்தி. அதுக்கு முந்தி என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போயேன். இந்த மனுசன் கூட்டிட்டுப் போனதே இல்ல."

"இவளும் ஆரம்பிச்சிட்டா," என்றார் அண்ணன்.

ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். மழை நிற்கவில்லை.

"தஞ்சோங் டாவாய் கடற்கர வரைக்கும் போறோம். எறங்குறதா இருந்தா இப்பவே எறங்குங்கண்ணே."

இறங்கவில்லை.