முள்ளும் மூன்றாம் வகையும்

யூலை 4, வெள்ளி
கச்சான் காற்று. கராச் முழுக்கப் புழுதி. வயல் வெட்டுக்கு முதல் இரண்டு வெட்டு மெஷின் திருத்தி முடித்துக் கொடுக்கவேண்டும், வெல்டிங் கம்பி தீர்ந்துவிட்டது. செங்கலடிக்குப் போகவேண்டும். போகவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் இரத்தம் கொடுத்தேனே, அந்த இரத்த வங்கியிலிருந்து போனில் கோல். ஆஸ்பத்திரிக்கு வரட்டாம். "ஒண்டுமில்ல ஐயா, ஒருக்கா வாங்க." ஒன்றுமில்லாததற்கு யார் கோல் எடுப்பார்கள்? யோகாவிடம் சொல்லவில்லை. பெண்சாதிக்குச் சொன்னால் இன்றைக்கே ஒப்பாரி.

யூலை 7, திங்கள்
ஈரல் அழற்சி சி. வைரஸாம். இரத்தத்தால் தொற்றுவது.

டொக்டர் சின்னப் பெண். கேள்விமேல் கேள்வி.
"ரத்தம் ஏத்தினதா?" இல்லை.
"ஒப்பரேசன், டயலிசிஸ்?" இல்லை.
"போதை ஊசி? கோவிக்காதீங்க ஐயா, எல்லாரிட்டயும் கேக்கிறதுதான்." இல்லை.
"பச்சை குத்தினீங்களா? உடம்பில வேற எங்கயாவது குத்தினதா?" இல்லவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மூன்று மாதம் மாத்திரை, அநேகமாகச் சுகமாகும் என்றாள். இந்த வைரஸில் பல வகையாம். என்னுடையது எந்த வகை என்று பார்க்க இரத்தம் கொழும்புக்குப் போகிறது.

வரும்போது பஸ் சீட்டுக் கம்பி முதுகில் இடித்தது. அப்போதுதான் முள் நினைவு வந்தது. வருடா வருடம் முருகன் கோயிலில் முதுகில் முள் குத்தி முள்ளுக்காவடி எடுக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு முள் குத்துவதும் நான். குத்தினதா என்று கேட்க, இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! பொய்யில்லை. அது சாமி காரியம். டொக்டர் கேட்கிற கணக்கில் அதை நான் நினைத்ததே இல்லை.

யோகாவிடம் சொன்னேன். "சி எண்டா ஏ, பி முடிஞ்சு மூண்டாம் கட்டமா?" ஒரே அழுகை. இல்லை, அது வெறும் பேர் என்றேன். என் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தாள். சாப்பாட்டால் தொற்றாது என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். திரும்ப எடுத்து மற்றக் கோப்பைகளோடு வைத்துவிட்டாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

யூலை 9, புதன்
வேலை ஓடவில்லை. முள் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் வெள்ளி முள்கள். இருப்பது ஒரு செட்.

போன திருவிழா:
முதலில் என் முதுகு. அத்தான், அக்காவின் புருஷன், குத்தினார்.
முள்ளைக் கழற்றி, தேசிக்காயை வெட்டி அதன் புளியால் தேய்த்து, விபூதி போட்டுத் துடைத்தோம்.
அடுத்தது அத்தான். அதே முள்ளால் நான் குத்தினேன்.
பிறகு மற்ற ஆட்கள்.

இரத்தமே வராது என்று பெருமை பேசுவோம். இரண்டொரு சொட்டு வரும். விபூதியால் அமத்திவிடுவோம்.

அத்தானுக்குக் கொஞ்சக் காலமாகச் சாப்பாடு செல்லவில்லை. கால் வீக்கம். தோணி தள்ளவே களைக்கிறது. வயது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பயமாக இருக்கிறது.

யூலை 11, வெள்ளி
அத்தானிடம் போய்ச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.
"உனக்கென்ன விசரா? சாமிட முள்ளால வருத்தம் வருமா?"
அக்கா குசினிக்குள், அடுப்படியிலிருந்து: "வந்திருக்கா எண்டு பாத்தாத் தெரியும்தானே. ஒருக்கா ரத்தத்தப் பாத்திட்டு வாங்களன்."
அவள் சொன்னதால் சம்மதித்தார்.

கோயில் ஆட்களிடமும் சொன்னேன். இனி ஆளாளுக்குப் புது முள், ஒரு தரத்தோடு சரி. "அப்ப அப்பாட முள்ளு?" என்று கேட்டார்கள். எடுக்கமாட்டேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவர்களுக்கு. சுருங்கட்டும்.

யூலை 14, திங்கள்
அத்தானுக்கும் இருக்கிறது.

டொக்டரிடம் முள் விசயத்தைச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டாள். அத்தானிடம் அதே கேள்விகள்.
"ரத்தம் ஏத்தினதா?"
"ஓம். சண்டைக் காலத்தில, வாகரையில. கால்ல ஷெல் பட்டு."
நான் கேட்டேன், என்னிடமிருந்துதான் போனதா என்று.
"ஒரே வகை எண்டா நிச்சயமாச் சொல்ல ஏலா, இஞ்ச கனபேருக்கு ஒரே வகைதான். வேற வகை எண்டா உங்களிட்ட இருந்து போகல்ல. இவர்ட ரத்தத்தயும் கொழும்புக்கு அனுப்புவம்."

வேறு வகையாக இருக்கவேண்டும். முருகா, வேறு வகை. நாள் முழுக்க இதே வேண்டுதல். அத்தானுக்குச் சுகமாகவேண்டும் என்று கும்பிட்டேனா? நினைவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்
வெக்கை. நான், அத்தான், அக்கா மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு மூன்றாம் வகை. அத்தானுக்கு ஒன்றாம் வகை.

அக்கா முந்திக்கொண்டாள்: "ஒண்டாவது எண்டா ஆரம்பந்தானே டொக்டர்?"
"இல்லம்மா. அது வகைக்கு வச்ச நம்பர். இவருக்கு ஈரல் இறுகிப் போயிருக்கு. மாத்திரையால வைரஸ் போகும். ஈரல் பழையபடி வருமா எண்டு இப்ப சொல்ல ஏலா."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் என் காதில் விழுந்தது வேறு வகை என்பது மட்டும். நான் கொடுக்கவில்லை. அத்தான் என் தொடையில் தட்டினார். "பாத்தியா மச்சான், உன்ட முள்ளில்ல."

முள் குத்தின மற்ற ஆட்களையும் கூட்டிவரச் சொன்னாள் டொக்டர். தலையாட்டினேன்.

பஸ்ஸில் அத்தான் நித்திரை. வீங்கின காலுக்குச் செருப்பு நுழையவில்லை. அக்கா அதைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். செங்கலடிச் சந்தி தாண்டினதும் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
"டொக்டர் சொல்லக்குள்ள நீ சிரிச்ச, தம்பி."