ஒன்பதாம் பக்கம்

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூடிப்போன சுரங்கத்தின் பழைய ரயில் தடத்தில் நீ முன்னின்று போட்டுத் திறந்துவைத்த சரளை சைக்கிள் பாதையில் இன்று காலை அத்தானோடு சைக்கிளில் போனேன். நான்காவது கிலோமீட்டரில் அவர் சிரித்துக்கொண்டே, "மச்சான், கேட்டீங்களா? இங்க மட்டும் டயருக்கு அடியில மத்தளம் மாதிரி சத்தம் வருது!" என்றார். நான் சட்டென்று பிரேக் பிடித்தேன். அந்த நிலத்தைச் சோதித்தவன் நான். அந்த இருநூறு மீட்டருக்குக் கீழே சுரங்கத்துக்காகக் குடைந்த வெற்றிடம் இருக்கிறது, யாரும் போகக் கூடாது என்று அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

அவரைத் திருப்பி ரோட்டு வழியாக அழைத்துவந்தேன். பிறகு நீ தொகுத்துக் கொடுத்த இறுதி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கமே இல்லை. கடைசியில் என் கையெழுத்து மட்டும் பத்திரமாக இருக்கிறது. அக்கா தொகுத்ததுதானே என்று படிக்காமல் போட்ட கையெழுத்து!

ஒன்பதாம் பக்கத்தை ஏன் எடுத்தாய் என்று போனில் கேட்டதற்கு, "அந்த இடத்தை விட்டா சுத்துவழி மெயின் ரோட்டுலதான் போகுதுடா. மோட்டார் வண்டியே வராத பாதைன்னு போர்டு வச்சாச்சு, ஊரே சிரிக்காதா?" என்றாய்.

சிரிக்கட்டுமே! அத்தான் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டேன். மாலைக்குள் பாதையை அடைத்துவிடுவார்கள். பக்கத்தை எடுத்தது யார் என்று கேட்டால் உன்னைத்தான் சொல்வேன்.

அத்தானிடம் மட்டும் நீயே சொல்லிவிடு. அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

தம்பி