குட்டை விமானம்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று ஏர்போர்ட் கவுண்டரில் நின்றே கால் வீங்கிவிட்டது. சேலத்துக்கு வழக்கமாக வரும் எழுபது சீட் விமானம் பழுதாம். பதிலுக்கு அதே ரகத்தின் பழைய குட்டை மாதிரியை அனுப்பிவிட்டார்கள். ஐம்பது பேர்கூட ஏற முடியாது. கடைசியாக வந்தவர்களை நிறுத்திவிடச் சொன்னார் மேனேஜர்.

அதில் எடப்பாடியிலிருந்து வந்த அம்மா ஒருவர். ஹைதராபாத்தில் மகளுக்குப் பிரசவம்.

"பஸ்ஸுலயும் நின்னுக்கிட்டுத்தான் வந்தேன் சாமி. இதுலயும் நின்னுக்கிட்டே வாரேன், உடுங்க."

அப்படி விட முடியாது என்றேன். முதலில் இந்தக் குட்டையைத்தான் செய்தார்கள், பிறகு இதையே நீட்டிப் பெரியதாக்கினார்கள் என்று என்னென்னவோ விளக்கினேன்.

"அத்தன நீட்டுனவங்களுக்கு இதுல ஒரு சீட்டு சேத்திப் போட முடியலீங்களா?"

டிக்கெட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நாளைக்குப் பெருசு வருங்களா?"

"வருமுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அழாமல் போனால் போதும் என்றிருந்தது. நிம்மதியாகத்தான் போனார்.

இப்போது மேனேஜரின் மெசேஜ் வந்திருக்கிறது. நாளையும் குட்டைதானாம். நாளைய ஆட்களே அதில் அடங்க மாட்டார்கள். அந்த அம்மாவிடம் போன் இல்லை. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவார்.

காலையில் கவுண்டரில் நான்தான்.