தீட்டித் தந்த உளி

ஐப்பசி 6, ஞாயிறு

எங்கள் வீரபாண்டி பனியன் யூனிட்டில் துணி வெட்டும் கட்டிங் டேபிள்களை வருஷக்கணக்காக இழைத்துத் தந்த தச்சர் ஆறுமுகண்ணன், இன்று தன் பழைய இரும்பு இழைப்புளியை விற்க வந்தார். இங்கிலாந்தில் செய்தது. மரக் கைப்பிடி கறுத்து வழுவழுத்திருந்தது. இழைத்து முடித்ததும் பலகைமேல் பனியன் துணியை இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல்கூடச் சிக்காது. அப்போதிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண்.

"தோள்பட்டை முடியறதில்லீங்க. நீங்கதான் ஆசையாக் கேட்டுட்டே இருந்தீங்க," என்றார்.

எட்டாயிரம் சொன்னார். இணையத்தில் இது இருபதாயிரத்துக்குப் போவது எனக்குத் தெரியும். இருந்தும், பனியன் ஆர்டர் தரும் பையர்கள் என்னிடம் பேரம் பேசுகிற அதே குரலில், "ஆறுன்னா முடிச்சுக்கலாங்ணா," என்றேன். அவர் சரியென்று தலையாட்டினார். அந்த இரண்டாயிரத்தில் என்ன கோட்டை கட்டப் போகிறேனோ.

பணத்தை வாங்கியவர் கிளம்பவில்லை. இழைப்புளியிலிருந்து உளியைக் கழற்றி, சாணைக்கல்லை நனைத்து, வலிக்கிற தோளோடு அரை மணி நேரம் தீட்டினார்.

"எதுக்குங்ணா இப்ப?"

"மழுங்குன உளியக் கை மாத்தக் கூடாதுங்க. மொதல்ல எதை இழைக்கப் போறீங்க?"

"கட்டிங் டேபிளத்தானுங்க," என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப ஒரு நாளைக்கு வந்து பாக்கறேனுங்க."

வீட்டு ஷோகேஸில் ஏற்கெனவே ஐந்து இழைப்புளிகள் இருக்கின்றன. எனக்கு இழைக்கவே தெரியாது. இதை ஆறாவதாக வைத்தேன். வைக்கும் முன், கண்ணாடித் தட்டு கீறிவிடும் என்று, அவர் தீட்டிய உளியை உள்ளே இழுத்துவிட்டேன்.