செத்தவர் பேரு இன்னா?

என் ஆசை மச்சானுக்கு,

போன இடத்திலாவது நிம்மதியாக இருக்கிறாயா? ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன்கள் எல்லாருமே ஒருத்தனை ஒருத்தன் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அதை மெய்யாக்கியவன் நீ ஒருத்தன்தான். என் தங்கச்சி செல்வியைக் கட்டிக்கொண்டு நிஜ மச்சானானாய். இப்போது அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாயே, உன்னை நினைத்தால் கோபம்தான் முதலில் வருகிறது.

மஞ்சள் காமாலையில் சாகிற வயசாடா உனக்கு? கீழாநெல்லி போதும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய், நாங்களும் சரி என்று தலையாட்டினோம். மண்ணூர்பேட்டைப் பட்டறையில் உன் பவர் பிரஸ்ஸில் இப்போது புது ஆள் நிற்கிறான். அந்தப் பக்கம் போனால் அது தகரத்தை அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. நான் நடையைக் கூட்டிவிடுகிறேன்.

அந்தச் சத்தத்தை வைத்து ஒரு பாட்டுப் போடலாம் என்று உனக்கு எப்படித்தான் தோன்றியதோ. டீக்கடையில் மாலைப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? எங்கேயோ கொள்ளையடிக்கப் போனவன் ஒருத்தன் காவலாளியைச் சுட்டுவிட்டான். அவன் படம் முக்கால் பக்கத்துக்கு இருந்தது. "இன்னா ஸ்டைலா நிக்கிறான் பாரு, ஹீரோ மாதிரி கீறான்பா" என்று டீ மாஸ்டர் வாயைப் பிளந்தார். அவனுடைய ஊர், பேர், பட்டப்பேர் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

நீ நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், செத்தவர் பேரு இன்னா?" என்று கேட்டாய்.

"வாட்ச்மேன்பா. பேரு யாருக்குத் தெரியும்? டீ ஆறுது, குடி."

உனக்கு டீ இறங்கவில்லை. அந்தக் காவலாளியின் வீடு பூந்தமல்லிப் பக்கம் என்று விசாரித்து என்னையும் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போனாய். வீட்டில் அவர் சம்சாரம் இருந்தார்கள். அந்த அம்மாவிடம் அவர் பேரைக் கேட்டாய், சொன்னார்கள். அதைப் பாட்டில் வைக்கலாமா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "வேணாம் தம்பி. கொன்னவன் பேரு பக்கத்துலயே அவரு பேரும் சுத்திகினு இருக்கும். எனக்கு அது வேணாம்பா." நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், அந்தப் பேர் என் காதில் விழவில்லை. நீயும் கடைசிவரை எனக்குச் சொல்லவே இல்லை.

அதனால்தான் அந்தப் பாட்டில் ஒரு காலி இடம் வந்தது. பட்டறைக்கு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் மிஷின் முன்னால் வைத்தோம். "டேய், அது இன்னா கச்சேரியா பண்ணப் போவுது?" என்று மேஸ்திரி சிரித்தார். மிஷின்தான் தாளம், ஷிப்ட் சங்குதான் சுருதி, தீபாவளிக்கு வாங்கின ரோல் கேப் துப்பாக்கிதான் குண்டு. டுமீல் என்றதும் எல்லாம் நிற்கும். 'சுட்டவன் பேரு ஊருக்கே தெரியும், செத்தவர் பேரு இன்னா?' என்று நீ கேட்பாய். அப்புறம் பிரஸ் நாலு அடி அடிக்க ஆகிற நேரத்துக்குச் சத்தமே கிடையாது. உன் அப்பா கேட்டுவிட்டு, "பாட்டாடா இது? பட்டறையை ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே!" என்றார்.

குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவில் முதல் தடவை பாடினாய். அந்த நாலு அடி நேரத்தில் ஜனங்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாய், பைத்தியக்காரா! டுமீல் என்றதும் பறந்தது பார் விசில். காலி இடம் முழுக்க விசில். "அண்ணாத்தே, இன்னொரு டுமீல் போடு!" என்று முன்வரிசையில் கத்தினார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்த உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பாட்டு ஜெயித்துவிட்டது என்று எல்லாரும் உன் முதுகில் தட்டினார்கள்.

அப்புறம் கேசட் கடைக்காரர் வந்தார். நீ கொடுத்த டேப்பை வாங்கிக்கொண்டு போய், கேள்வியைத் தூக்கிவிட்டு, காலி இடத்தில் வரிசையாகக் குண்டுச் சத்தத்தை நிரப்பி விற்றார். சண்டைக்குப் போனோம். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "தம்பி, செம்பரம்பாக்கம் பக்கம் போய்ப் பாரு, காலி இடத்துக்கு எம்மாங் கிராக்கின்னு தெரியும். பாட்டுல காலி இடத்த எவன்பா வாங்குவான்?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து நீ டுமீல். கல்யாண வீடு, கோயில் திருவிழா, காது குத்து, எங்கே போனாலும் டுமீல். குடும்பம் நடக்க வேண்டுமே, மேடைக்கு ஒரு கூலிங் கிளாஸும் பொம்மைத் துப்பாக்கியும் மாட்டிக்கொண்டாய். பிள்ளைகள் டுமீல் மாமா என்று ஓடிவரும். தபால்காரர்கூட "டுமீல் ஊடு இதானே?" என்று கேட்டுத்தான் கடுதாசி கொடுப்பார். ஒருநாள் வேலப்பன்சாவடிக் கல்யாணத்தில் பாடிவிட்டு வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "மச்சான், நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தனும் பதில் சொல்லலடா" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பாட்டை விடு என்றா, பாடிக்கொண்டே இரு என்றா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் பஸ் ஸ்டாப் முழுக்கப் போஸ்டர். பையன்கள் ஆசையாகத்தான் ஒட்டினார்கள், குறை சொல்ல மாட்டேன். 'கண்ணீர் அஞ்சலி, எங்கள் டுமீல் அண்ணன்.' அதே கூலிங் கிளாஸ், அதே துப்பாக்கி. வேறொன்றும் இல்லை. நம் டீக்கடையில் நின்றிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த வெளியூர்க்காரர் ஒருத்தர் போஸ்டரைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் கேட்டார்.

"யாருங்க இது?"

"நம்ம டுமீல்பா. பாட்டுக்காரரு. நல்ல மன்சன்."

"அது சரி. செத்தவர் பேரு என்ன?"

மாஸ்டர் யோசித்தார். எத்தனை வருஷம் உனக்கு டீ ஆற்றிக் கொடுத்த மனுஷன்! "அது தெர்லியே சார்" என்றார்.

கேட்டுவிட்டார்கள் மச்சான். உன் கேள்வியை ஒருத்தர் கேட்டேவிட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நான் கண்ணைத் துடைப்பதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் இப்படி உடையவில்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் பரணில் ஏறி அந்தப் பழைய கேசட்டை எடுத்தாள். கடைக்காரர் கை படாத முதல் கேசட். நாடா வெளியே வந்திருந்தது, பென்சிலை விட்டு நிதானமாகச் சுற்றிப் போட்டாள். பிரஸ் நிற்கிறது, நீ கேட்கிறாய். அந்த நாலு அடி நேரத்தில் சத்தமே இல்லை என்றுதானே நினைத்திருந்தோம்? உன் மூச்சுக் கேட்கிறதுடா.

"அண்ணே, அந்த அம்மா வேணாம்னு சொன்னது அவங்க நியாயம். எனக்கு இவரு பேரைச் சொல்லணும்ணே" என்றாள் செல்வி.

அதனால் இது நான் உனக்குத் தருகிற வாக்கு. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டில் அந்தக் கேசட்டைப் போடுவோம். டீ மாஸ்டரையும் போஸ்டர் ஒட்டிய பையன்களையும் கூப்பிட்டிருக்கிறேன். நீ கேட்டு முடித்ததும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து, விசில் இல்லாமல், பதில் சொல்லுவோம்.

இப்படிக்கு,
லூர்துசாமியின் மச்சான்