கலங்கிய ஆற்றில் ஒரு சாட்சி

மொன்ட்ரியால்
17.04.2004

அன்பான உமக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு பெரிய முடிவை எடுத்தேன். பழுப்புப் பூச்சியைக் கைவிட்டு, இறகால் நானே செய்த கறுப்புப் பூச்சியைத் தூண்டிலில் கட்டினேன். பனி உருகி ஆறு தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடக்கும்போது ஸ்டீல்ஹெட் மீனுக்குக் கறுப்புத்தான் கண்ணில் படும்.

"சனிக்கிழமை சனிக்கிழமை போறார், வெறுங்கையோட வாறார். பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்தில விடுறாராம்! அங்க ஆரோ பொம்பிளை இருக்கிறாள்" என்று உம்முடைய அக்கா சொன்னா. நீர் பெட்டியோடு லவாலுக்கு, அவ வீட்டுக்குப் போய் ஆறு கிழமை. "ஒரு மீனைக் கொண்டுவந்து காட்டுங்கோ, அடுத்த பஸ்ஸில வாறன்" என்பது உமது நிபந்தனை.

ஜான்-டலோன் சந்தையில் ஒன்று வாங்கிக் காட்டியிருக்கலாம். அக்கா செவுளைத் திறந்து பார்த்து, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவா. அதைவிட, இருபத்தேழு வருடம் என்னோடு வாழ்ந்த உமக்கு முன்னால், எனக்காகச் சாட்சி சொல்ல ஒரு மீனை நான் கூட்டிவர மாட்டேன்.

கறுப்பு சரியான தேர்வு. கலங்கிய தண்ணீரில் மீன் கரையோரம் ஒதுங்கும் என்பதும் சரி. பத்து மணிக்கு, என் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி ஒன்று கவ்வியது. இருபத்தெட்டு அங்குலம், வயிறு நிறைய முட்டை. கையில் ஏந்தி, தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நீந்திப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, ஒருவருக்குக் காணும் என்று அரைச் சுண்டு அரிசி போட்டேன்.

குற்றம் சாட்டப்பட்டிருக்கும்,
உம்முடைய கணவன்