பத்து நாள் அசைன்மென்ட்

ஆகஸ்ட் 2, 1999. திங்கள். பிளானோ, டெக்சாஸ்.

காலை பத்து மணிக்கே நூறு டிகிரி. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

அணி மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்ல யாரும் கதவைச் சாத்தச் சொல்வதில்லை. நேற்று மத்தியான பேஸ்பால் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் பந்து போட என்னை இறக்கினார்கள். நேராக வீச வராமல் இரண்டு பேரைச் சும்மாவே பேஸுக்கு அனுப்பினேன். மூன்றாவது ஆள் பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அடித்தான். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம்.

"டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்" என்றார் மேனேஜர், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

அதாவது அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. பத்து நாள் கெடு. அதற்குள் வேறு அணி ஏதாவது கேட்டால் அங்கே. கேட்காவிட்டால் வீட்டுக்கு. வியாழன், பன்னிரண்டாம் தேதி தெரிந்துவிடும். வயது முப்பத்திரண்டு, முழங்கையில் ஒரு ஆபரேஷன். யார் கேட்பார்கள்?

லாக்கரிலிருந்து எடுத்தது: கிளவுஸ் இரண்டு. ஷூ. தைலம் அரை பாட்டில். அம்மா அனுப்பிய விபூதிப் பொட்டலம், பிரிக்கவே இல்லை. இந்த டைரி. இதை அங்கே எவன் புரட்டினாலும் கவலை இல்லை, தமிழில் எழுதுவதில் அது ஒரு வசதி. பத்து வயதில் கோபியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது அம்மா தினம் ஒரு பக்கம் எழுத வைத்தாள். அந்தப் பழக்கம் விடவில்லை.

மலர் ஆபீஸிலிருந்து ஆறரைக்கு வந்தாள். சொன்னேன். தோளில் இருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"வேற டீம் கூப்பிடுவாங்க இல்ல?"

"கூப்பிடலாம்."

"கூப்பிடுவாங்களா, கூப்பிடலாமா?"

கல்யாணமாகி நாலு வருஷத்தில் பேஸ்பாலில் அவள் கற்றுக்கொண்டது இந்த ஒரு வித்தியாசம்தான். அதைச் சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

காலை ஆறரைக்கு போன். ஏஜென்ட் ரான்தான் என்று பாய்ந்து எடுத்தேன். அப்பா, வெஸ்ட் வின்ட்சரிலிருந்து. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கண்ணு, பேப்பர்ல உன் பேரு வந்திருக்குதுடா! டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்னு போட்டிருக்குது. எந்த ஊருடா?"

புது ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மெயின்ஃப்ரேம் ஆள், கன்சல்டிங் கம்பெனி. அவர்கள் பாஷையில் பிராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பெஞ்ச், கிளையன்ட் கிடைத்தால் அசைன்மென்ட். தொண்ணூற்று மூன்றில் ஐந்து மாதம் பெஞ்ச். தினம் குளித்து, டை கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அசைன்மென்ட் வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. டிவியில் என்னை எப்போது காட்டினாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். கூட்டிப் பார்த்திருக்கிறார், சரியாக வந்திருக்கிறது.

"ஊரு இன்னும் தெரியலைங்கப்பா."

"கிளையன்ட் கன்ஃபர்ம் பண்ணலையாக்கும். பண்ணுவாங்க, பண்ணுவாங்க. மொத மேட்சுக்கு நானும் அம்மாவும் வந்தர்றோம்."

பதினோரு வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு பந்து போடப் போகிறேன் என்றபோது, "பந்து பொறுக்கறதுக்கா அமெரிக்கா வந்தோம்?" என்று கேட்டவர். யார் விசாரித்தாலும் "பையன் டெக்சாஸ்ல, ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்" என்று பேச்சை மாற்றுவார். பந்து போடுகிறவனுக்கு பிச்சர் என்று பெயர்; அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

நான் சொன்னது பொய் இல்லை. ஊர் தெரியாதுதான். ஆனாலும் அயோக்கியத்தனம்.

ஆகஸ்ட் 4, புதன்

ரானிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். மெசேஜ்.

மலர் காலையில் கிளம்பும்போது: "மாமாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. நாளாக நாளாக உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எவனாவது எடுத்துட்டா சொல்லவே வேண்டாமே."

"எடுக்கலைன்னா?"

கதவு சாத்தும் சத்தம். கோபம் இல்லை, ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மத்தியானம் பக்கத்து ஸ்கூல் மைதானம். கம்பி வேலியைப் பார்த்து நாற்பது பந்து. முப்பதாவதிலேயே முழங்கை வீங்கிவிட்டது. ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. ஃப்ரீசரில் முருங்கைக்காய் பாக்கெட் இருந்தது, அதையே துண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு டிவி பார்த்தேன். என் இடத்தில் புதிதாக ஒருவனை எடுத்திருக்கிறார்கள். நன்றாகவே போடுகிறான். அவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், சோபாவில் உட்கார்ந்து, கண்ணை மூடி. இப்படியும் ஆகிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

வெயில், வெயில். வாஷிங் மெஷின் ரிப்பேர்.

அம்மா போன். கோயிலுக்குப் போய் என் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தாளாம். "அப்பா ஆபீசுக்கு மைசூர்பாக் எடுத்துட்டுப் போயிருக்கறாரு சாமி. நாளைக்கு நம்ம வீட்டுல பாட்லக். பன்னெண்டு குடும்பம், ஆளுக்கொரு பண்டம் செஞ்சு கொண்டுட்டு வர்றாங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்? யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க."

"நானா? இத்தன வருசம் உன் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போற மனுசன். இப்பத்தான் வாயத் தொறக்கறாரு. நீயே சொல்லிக்க, என்னால ஆகாது."

சொல்லவில்லை. இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று ஒரு நப்பாசை.

ஆகஸ்ட் 7, சனி

அங்கே பாட்லக். போனைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் வாழ்த்து.

எதிர்வீட்டு சுந்தரம் அங்கிள்: "கங்கிராட்ஸ்ப்பா! ஷார்ட் டெர்மா, லாங் டெர்மா?"

"இன்னும் தெரியலை அங்கிள்."

"ரிலொகேஷன் செலவையும் கேட்டு வாங்கிடு. கூச்சப்படாதே."

அவர் பின்னால் தட்டு சத்தம், குழந்தைகள் இங்கிலீஷில் கத்தும் சத்தம், அதற்கு மேலே அப்பாவின் குரல், யாரிடமோ: "பிச்சருங்க. ரிலீஃப் பிச்சர். ஆரம்பிக்கறது வேற ஆளு. நடுவுல ஆட்டம் கெட்டுப்போச்சுன்னா எம்பையனத்தான் கூப்புடுவாங்க."

இவ்வளவு சரியாக யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்? எத்தனை நாளாகத் தெரிந்து வைத்திருக்கிறார்?

போனை வைத்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது மலர் தோசை ஆறிவிட்டது என்று இன்னொன்று ஊற்றினாள். அதையும் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 9, திங்கள்

கடைசியில் ரான். நாலு அணிக்காரர்கள் என் ஃபைலைப் பார்த்தார்களாம். நாலு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னும் இரண்டு பாக்கி, அவர்களுக்கு இடது கைக்காரன்தான் தேவை. "நீ மட்டும் லெஃப்டியாகப் பிறந்திருந்தால் நாற்பது வயது வரை உனக்கு வேலை" என்றான். அவனுக்கு அது ஆறுதல்.

பிறந்தேனே! பிறந்தது பீச்சாங்கைக்காரனாகத்தான். சோற்றுக்கும் அதைத்தான் நீட்டுவேன், ஸ்லேட்டுக்கும் அதைத்தான். ஐந்து வயது வரை அம்மா அந்தக் கையில் போட்ட அடி கொஞ்சமா? பந்தியில் மானம் போகிறது என்று சாப்பிடும்போது அதைத் துண்டால் இடுப்போடு கட்டி உட்கார வைப்பாள். திருத்திவிட்டாள். இப்போதும் உறவுக்காரர்கள் வந்தால் பெருமையாகச் சொல்வாள், "இவன் பீச்சாங்கை, நான்தான் மாத்தினேன்."

மலரிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தாள், அடக்க முடியவில்லை அவளால். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அம்மாவிடம் இதை ஒருநாளும் சொல்லக் கூடாது. சோறு தின்னத்தான் சொல்லிக்கொடுத்தாள், பாவம்.

ஆகஸ்ட் 11, புதன்

வடக்கே பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் இடி, ஒரு சொட்டு மழை இல்லை.

அப்பா போன் செய்தார். இரண்டாயிரம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டிய Y2K வேலை கழுத்தை நெரிக்கிறதாம். கத்தரிக்காய்ச் செடி காய்த்திருக்கிறதாம். எந்த ஊர் என்று கேட்கவில்லை. சனிக்கிழமையிலிருந்தே கேட்கவில்லை. மறந்துவிட்டார் போல. தப்பித்தேன்.

மலர் ஒரு பேப்பர் கொண்டுவந்தாள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ், ஆறு வாரம். "சும்மா பாருங்க, அவ்வளவுதான்." ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தேன்.

அனுபவம்: பதினோரு வருஷம். அதில் பெரும்பாலும் கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்தது.
தெரிந்த வேலை: ஒரே ஒரு பந்து, வேகமாக. இப்போது அதுவும் இல்லை.

கிழித்துப் போட்டேன். யார் மேலும் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, வியாழன்

பதினோரு மணி. ரான். யாரும் இல்லை. "யூ ஹாட் எ குட் ரன்" என்றான், இத்தனை வருஷம் ஓடியதே பெரிது என்கிற மாதிரி. இன்னொரு லைனில் ஆள் காத்திருந்தார், வைத்துவிட்டான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கொஞ்ச நேரம் சமையலறையில் சும்மா நின்றேன். பிறகு நானே அப்பாவின் ஆபீசுக்குப் போன் போட்டேன். இன்றைக்கு விட்டால் சொல்ல மாட்டேன்.

"அப்பா, எங்க ஆட்டத்துல அசைன்மென்ட்னா வேற அர்த்தமுங்க. அன்னிக்கே என்னை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. வேற டீம் எடுத்துக்கப் பத்து நாள் டைம். யாரும் எடுக்கலை. முடிஞ்சுதுங்கப்பா."

கீபோர்டு சத்தம் நின்றது.

"தெரியும் கண்ணு."

"எப்போ?"

"வெள்ளிக்கெழம. மைசூர்பாக் குடுத்தேனல்ல, இங்க ஒருத்தன் இருக்கறான், பேஸ்பால் பைத்தியம். வாயில போட்டுட்டு ஐயாம் சாரின்னான். எதுக்கு சாரின்னு கேட்டேன். சொன்னான்."

"அப்புறம் எதுக்குப்பா சனிக்கிழமை அத்தனை பேர்கிட்ட..."

"கூப்பிட்டாச்சே எல்லாரையும்." அவர் நாற்காலி நகரும் சத்தம். "பதினோரு வருசமா எம்பையன் என்ன பண்றான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அன்னிக்கு வந்துச்சு. விடறதுக்கு மனசில்ல."

கேட்டேன்: "இனிமே யாராவது கேட்டா என்னங்கப்பா சொல்லுவீங்க?"

"சொல்லிட்டேனே. நேத்து சுந்தரம் கேட்டாரு. கலிபோர்னியா, சன்னிவேல் பக்கம்னுட்டேன்."

"சன்னிவேல்ல டீமே கிடையாதுங்கப்பா."

"அது அவருக்கென்ன தெரியும்? ஆறு மாசம் கான்ட்ராக்ட். எக்ஸ்டென்ட் ஆனாலும் ஆகும்னு சொல்லியிருக்கறேன்."